ஒட்டுண்ணிக் குளவி பார்க்க 45 மடங்கு போதுமா? நான் வாங்கிய ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுகிறவர்கள் நிறைய இருப்பார்கள். 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை ஜூம் ஆகிற, அம்பாலாவில் தயாரான, சாதாரண ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் இது. எனக்கு 22,000 ரூபாய் ஆயிற்று. மாடித்தோட்டத்தில் மாவுப்பூச்சிக்குள்ளிருந்தும் புழுவுக்குள்ளிருந்தும் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற பொடிக் குளவிகள் என்ன குடும்பம், என்ன பேரினம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரே பேரினத்துக்குள் இருக்கிற இரண்டு இனங்களைப் பிரிக்க வேண்டும் என்று வரும்போது சில இடத்தில் இது அருமையாக வேலை செய்கிறது, சில இடத்தில் சுத்தமாகக் கைவிட்டுவிடுகிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸும், யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப் ஒன்றும் வைத்திருந்தேன். மேக்ரோ லென்ஸ் மோசமில்லை, ஐந்து மில்லிமீட்டர் குளவிக்கு அது போதும். யு.எஸ்.பி. சாதனத்தின் பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருக்கும், அதை நம்பவே நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் திரையில் படம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதையும் சேர்த்துப் போடுகிற எண் அது. படம் பெரிதாகும், ஆனால் புதிதாக ஒரு மயிர்கூடத் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை, ஆழம் தெரியாதது. குளவியின் கால் முன்னால் இருக்கிறதா வயிற்றுக்கு அடியில் மடிந்திருக்கிறதா என்று தட்டையான படத்தில் தெரியாமல், ஊசியால் திருப்பப் போய்க் காலை உடைத்துவிடுவோம். ஸ்டீரியோவில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனி ஒளிப்பாதை, படம் தலைகீழாகவும் தெரியாது, லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் அளவுக்கு இடம் இருக்கிறது. இரண்டு கையையும் உள்ளே விட்டு வேலை செய்யலாம். என்னைக் கேட்டால் மடங்குக் கணக்கைவிட இந்தப் பத்து சென்டிமீட்டருக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

சரி, பூச்சிக்கு வருவோம். சென்னையில் செம்பருத்தி வளர்க்கிற எல்லோருக்கும் மாவுப்பூச்சி தெரியும். வெண்டை, செம்பருத்தி இரண்டிலும் வருகிற பருத்தி மாவுப்பூச்சியை உற்றுப் பார்த்தால் வெள்ளை மாவுக்கு நடுவே முதுகில் கறுப்புப் பொட்டுகள் தெரியும். அந்தக் கூட்டத்தில் சிலது மட்டும் மாவெல்லாம் உதிர்ந்து, உப்பி, பழுப்பு நிறத்தில் தோல் போலக் கெட்டியாகி நிற்கும். அதற்குள் ஒரு குளவி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கூடுகளைக் கிளையோடு நறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டால் எது எதிலிருந்து வந்தது என்று பிறகு சொல்லவே முடியாது.

வெளியே வருகிறவற்றில் பெரும்பாலும் கறுப்பான, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு குளவி இருக்கும். வெறும் கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி, மேக்ரோ லென்ஸில் கறுப்புக் குளவி, அவ்வளவுதான். இந்த மைக்ராஸ்கோப்பில் 30 மடங்கைத் தாண்டியதும் அதன் முகம் தெரிகிறது பாருங்கள், அதற்காகவே வாங்கலாம். நெற்றி முழுக்க ஆழமான வட்டக் குழிகள், தையல்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தொப்பியில் இருக்குமே, அதே மாதிரி நெருக்கமாக. இது ஏனாசியஸ் பேரினத்தின் அடையாளம். நடுக்காலில் பாதம் தொடங்குகிற இடத்தில் தடித்த முள் ஒன்றும் இருக்கும், ஏனாசியஸ் சேர்ந்த என்சிர்டிட் குடும்பத்துக் குளவிகள் சட்டென்று தாவிக் குதிப்பது அந்தக் காலால்தான். ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தால், ஆண் சிறியது, அதன் உணர்கொம்பில் நீளநீளமாக மயிர் இருக்கும், அதை வேறு இனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த ஏனாசியஸ் விஷயத்தில் ஒரு சுவையான வரலாறு உண்டு. நம் ஊர்ப் பருத்தி வயல்களில் இந்த மாவுப்பூச்சி பேயாட்டம் ஆடியபோது அதைக் கட்டுப்படுத்த முன்வந்த குளவியை, அலிகரைச் சேர்ந்த முகமது ஹயாத் 2009ல் ஏனாசியஸ் பம்பாவாலே என்ற புது இனமாக விவரித்தார். பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அமெரிக்காவிலிருந்து ஜிரால்ட் என்பவர் 1915லேயே பெயரிட்ட ஏனாசியஸ் அரிசோனென்சிஸும் இதுவும் ஒன்றுதான் என்று தெரிந்தது. மாவுப்பூச்சியே வட அமெரிக்காவிலிருந்து வந்தது, அதன் எதிரியும் யாரும் திட்டம் போட்டு இறக்குமதி செய்யாமலே பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. இந்தத் துறையில் வாழ்நாளையே கழித்த நிபுணருக்கே ஒரு குளவிக்கு இரண்டு பெயர் விழுகிறது என்றால், வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற நாம் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே கூடுகளிலிருந்து இன்னொரு குளவியும் வரும். புரோமஸ்கிடியா என்று பேர். அது மாவுப்பூச்சியின் எதிரியே இல்லை, மாவுப்பூச்சிக்குள் வளர்கிற ஏனாசியஸைத் தின்று வளர்கிற ஒட்டுண்ணியின் ஒட்டுண்ணி. செடியில் குளவி பறக்கிறது, இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம், பறப்பது எல்லாம் இதுவாக இருந்தால் நிலைமை நேர் எதிர். குழிக்குழியான அந்த முகம் இதற்கு இல்லை, அதனால் இந்த மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பார்த்த உடனே பிரித்துவிடலாம். நட்பையும் பகையையும் பிரித்துக் காட்டுகிற இந்த ஒரு வேலைக்கே கொடுத்த காசு எனக்குச் செரித்துவிட்டது.

கால் எண்ணுவது அடுத்தது. கால் என்றால் ஆறு கால் இல்லை, பாதத்தில் இருக்கிற கணுக்கள். இந்தப் பொடிக் குளவிகள் எல்லாம் சேர்ந்த பெரும் பிரிவுக்குச் சால்சிட் என்று பேர், அதில் குடும்பத்தைக் கண்டுபிடிக்க இதுதான் நல்ல வழி. பாதத்தில் மூன்று கணு என்றால் டிரைக்கோகிரம்மா குடும்பம், நான்கு என்றால் பெரும்பாலும் யூலோபிட், ஐந்து என்றால் டெரோமாலிட் மாதிரி மற்றவை. கறிவேப்பிலையில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு கூட்டுப்புழுவாகி, அதிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகக் கொத்தாகக் குட்டிக் குளவிகள் வந்தால் கணுவை எண்ணிப் பாருங்கள், 45 மடங்கில் அழகாக எண்ணலாம். அதே கூட்டுப்புழுவிலிருந்து ஒற்றையாய், கறுப்பாய், பின்தொடை மட்டும் பயில்வான் தொடை போல வீங்கிய ஒன்று வந்தால் அது பிராக்கிமீரியா. அந்தத் தொடையின் அடி விளிம்பில் வரிசையாகப் பல் இருக்கும். பிராக்கிமீரியாவில் இனம் பிரிக்கப் பார்ப்பது அந்தப் பற்களின் அளவையும் அமைப்பையும், பின்காலில் மஞ்சள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும். நாலைந்து மில்லிமீட்டர் பூச்சி என்பதால் 20 மடங்கிலேயே எல்லாம் தெரிகிறது. கோழிக்கோட்டில் குளவி ஆய்வாளர் நரேந்திரனும் அவருடைய ஆசிரியர் ஜோசப்பும் இந்தக் குடும்பத்துக்கு எழுதிய இனங்காண் அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு படி ஒரு படியாகப் போகலாம். நெருங்கிய இனங்களைப் பிரிக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பேரினம் இதுதான், கண்ணுக்கும் கைக்கும் பழக்கம் வரும்.

இப்போது குறை. இதோடு வருகிற எல்.இ.டி. வளைய விளக்கு இந்த வேலைக்கு உதவாது, ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். குளவியின் உடம்பு பளபளப்பானது, பலதும் உலோகப் பச்சையில் இருக்கும். வளைய விளக்கைப் போட்டால் முதுகில் அந்த விளக்கின் புள்ளிகள்தான் வரிசையாகத் தெரியும், முதுகில் குழி இருக்கிறதா, வரி இருக்கிறதா, வழவழப்பா என்று ஒன்றும் தெரியாது. இனம் பிரிக்கிறதில் பாதி வேலையே இந்த முதுகுப் பரப்பைப் பார்ப்பதுதான். தீர்வு ரொம்பச் சுலபம். டிரேசிங் பேப்பரை மூன்று விரல் உயரத்துக்கு வெட்டி, உருளையாக ஒட்டி, பூச்சியைச் சுற்றி நிறுத்தி, வெளியே இரண்டு பக்கமும் மேசை விளக்கை வையுங்கள். ஒளி பரவி விழுந்ததும் அதே பூச்சியின் தோளில் செதில் மாதிரி நெசவு தெரியும், குழியின் அடியில் இருக்கிற மயிர் தெரியும். பத்து ரூபாய்த் தாளால் மைக்ராஸ்கோப்பின் தரமே மாறிவிட்டது போலிருக்கும். அடியிலிருந்து வருகிற விளக்கு மட்டும் நன்றாக இருக்கிறது, இறக்கையின் நரம்பைப் பார்க்க அது போதும்.

அப்புறம், ஜூமை ஏற்றும்போது பார்க்கிற பரப்பு சுருங்கிக்கொண்டே போகும். 7 மடங்கில் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம் தெரியும், 45ல் நாலரை மில்லிமீட்டர்தான். உயிரோடு இருக்கிற குளவியை 45ல் தேடிக்கொண்டிருந்தால் தலைவலிதான் மிச்சம். குப்பியோடு ஃப்ரிட்ஜில் சில நிமிடம் வைத்தால் அடங்கிவிடும், 7ல் கண்டுபிடித்து நடுவில் கொண்டுவந்து பிறகு ஏற்றுங்கள்.

தென்னை மரம் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்தி. 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இப்போது சென்னைத் தென்னைகளிலும் சாதாரணம். ஓலையின் அடியில் மெழுகு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும், கீழே இருக்கிற செடியெல்லாம் கரும்பூசணம் பிடிக்கும். ஒரு துண்டு ஓலையை வெட்டி 20 மடங்கில் வைத்து, காலியான தோல்களை மட்டும் பாருங்கள். வெள்ளை ஈ தானாக வெளியே வந்திருந்தால் முதுகுத் தோல் ஆங்கில 'T' எழுத்து வடிவில் பிளந்திருக்கும். என்கார்சியா குளவி வந்திருந்தால் சுத்தமான வட்டத் துளை இருக்கும். வட்டத் துளைகள் அதிகமாக இருந்தால் மருந்தடிக்க வருகிற ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அடித்தால் முதலில் சாவது குளவிதான். ஆனால் அந்தக் குளவி என்கார்சியா குவாடலூப்பேயா, என்கார்சியா டிஸ்பர்சாவா என்று என்னைக் கேட்டால், இந்த மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு நான் பதில் சொல்ல மாட்டேன். அதற்கு ஸ்லைடு போட வேண்டும்.

இங்கேதான் எல்லை வருகிறது, இதை டிரைக்கோகிரம்மாவை வைத்து விளக்கமாகச் சொல்கிறேன். முட்டை ஒட்டுண்ணி அட்டை என்று விற்கிறார்களே, அதில் இருப்பது. கார்சைரா எனும் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, புற ஊதா ஒளியில் வைத்து உள்ளே இருக்கும் கருவைக் கொன்றுவிட்டு, அதில் டிரைக்கோகிரம்மாவை முட்டையிட விடுவார்கள். மூன்று நான்கு நாளில் முட்டை கறுக்கும், ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் குளவி வந்துவிடும். நெல் தண்டு துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் கட்ட வேண்டும், கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கும் நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். மாற்றிக் கட்டினால் எதிர்பார்த்த பலன் கிடைக்காது. ஒரு தனியார் விற்பனையாளரிடம் நான் தபாலில் வாங்கிய அட்டையில் வெறுமனே டிரைக்கோகிரம்மா என்றுதான் போட்டிருந்தது, எந்த இனம் என்று கேட்டதற்கு "எல்லாப் புழுவுக்கும் கேக்கும் மேடம்" என்று பதில் வந்தது. இப்படி விற்பது சரியே இல்லை.

அரை மில்லிமீட்டர் பூச்சி. 45 மடங்கில் இரண்டேகால் சென்டிமீட்டராகத் தெரியும், மூன்று கணு எண்ணலாம், இறக்கையில் மயிர்கள் கோடு கோடாக அடுக்கியிருப்பதும் அடி விளக்கில் தெரியும், ஆக டிரைக்கோகிரம்மா என்று சொல்லிவிடலாம். ஜப்பானிக்கம் கறுப்பு, கைலோனிஸ் மஞ்சள் சாயல் என்பார்கள், பொதுவாக உண்மைதான். ஆனால் இந்தப் பேரினத்தில் வளர்ந்த இடம் குளிராக இருந்தால் உடம்பு கறுத்துப் பிறக்கும், அதனால் நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால்வரை உலகமே இந்தக் குழப்பத்தில்தான் இருந்தது. நம் நாட்டுக் கைலோனிஸையே மைனூட்டம், எவனெசென்ஸ், ஆஸ்டிராலிக்கம், கன்ஃப்யூசம் என்று பேர் மாற்றி மாற்றி அழைத்திருக்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்த்த சுதா நாகர்கட்டியும் நாகராஜாவும்தான் ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால் இனம் பிரிந்துவிடும் என்று 1968லும் 1971லும் வந்த கட்டுரைகளில் காட்டினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க டிரைக்கோகிரம்மா பார்க்கிறவர்கள் அந்த வழியில்தான் பார்க்கிறார்கள். நம் பக்கத்து ஊரில் நடந்த இவ்வளவு பெரிய வேலை பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது வர வேண்டும்.

அந்த உறுப்பைப் பார்க்க ஆண் குளவியைக் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் ஊறவைத்து, சதை கரைந்ததும் ஸ்லைடில் நேராகப் படுக்கவைத்து, காம்பவுண்ட் மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில் பார்க்க வேண்டும். ஸ்டீரியோவின் வேலை அந்தக் குட்டி உடலை ஸ்லைடில் திருப்பிப் போடுவதோடு முடிகிறது. இதில் இன்னொரு சிக்கல், சில டிரைக்கோகிரம்மா கூட்டங்களில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ளே குடியிருந்து, பெண்கள் ஆணே இல்லாமல் பெண்களை மட்டும் பெற்றுக்கொண்டிருக்கும். ஆணே கிடைக்காது, பார்க்க உறுப்பும் இல்லை. அப்போது டி.என்.ஏ. பார்ப்பது ஒன்றே வழி.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பார்கள். கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரர்களைக் கேட்க வேண்டும். அங்கே சிவப்புச் செதில் பூச்சிக்கு ஆசியாவில் எதிரி தேடிப் போனவர்கள், கண்ணில் பட்ட மஞ்சள் அஃபைடிஸ் குளவிகளை எல்லாம் தங்கள் ஊரில் ஏற்கெனவே இருப்பதுதானே என்று விட்டுவிட்டார்கள். எல்லாமே ஒரு மில்லிமீட்டர், எல்லாமே மஞ்சள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவை வேறு வேறு இனம் என்று புரிந்து, 1947-48 வாக்கில் சீனாவிலிருந்து அஃபைடிஸ் லிங்னானென்சிஸும், 1956-57ல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் அஃபைடிஸ் மெலினஸும் போயின. உள்நாட்டுப் பகுதிகளில் சிவப்புச் செதிலை அடக்கியது நம் பக்கத்து மெலினஸ்தான். இனம் பிரிக்கத் தெரியாததற்கு அந்தத் தோட்டங்கள் கொடுத்த விலை அரை நூற்றாண்டு.

வாங்குகிறவர்களுக்கு. நான் வாங்கியது பாரிமுனையில், உயர் நீதிமன்றம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கிற ஒரு லேப் சாமான் கடையில். கடைக்காரர் பொறுமையானவர். இடது கண்ணில் மட்டும் ஜூம் ஏற்றும்போது மங்கியதைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் வேறு பீஸ் எடுத்துக் கொடுத்தார். "2 எக்ஸ் லென்ஸ் கீழ மாட்டினா 90 வரைக்கும் போகும் மேடம், அதையும் எடுத்துக்குங்க" என்றார், வேண்டாம் அண்ணே என்று விட்டுவிட்டேன். அந்த லென்ஸைப் போட்டால் பூச்சிக்கு மேலே இருக்கிற இடைவெளி மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும், டிரேசிங் பேப்பர் உருளை உள்ளேயே போகாது, டிரைக்கோகிரம்மா உறுப்பு அப்போதும் தெரியாது. அந்தக் காசைச் சேர்த்துவைத்து, கல்லூரி மாணவர்கள் பயன்படுத்திய பழைய காம்பவுண்ட் ஒன்றை வாங்குவது எவ்வளவோ மேல்.

இரண்டு விஷயம் மட்டும் ஜாக்கிரதை. தலைப்பகுதி கனம், ஃபோகஸ் குமிழ் நாளடைவில் தளர்ந்து தானாகக் கீழே இறங்கும். இரண்டு குமிழையும் எதிரெதிராக முறுக்கினால் இறுகிவிடும், இதைக் கடையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். அப்புறம் நம் ஊர் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவைத்தால் லென்ஸில் பூசணம் படரும், படர்ந்தால் துடைத்துப் போகாது. காற்றுப் புகாத பெரிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு உள்ளே வையுங்கள், நீல ஜெல் வெளிர்சிவப்பானால் சட்டியில் லேசாகச் சூடாக்கித் திரும்பப் போடலாம். பார்த்து முடித்து, சேகரிப்புக்காகச் சிறு அட்டையில் ஒட்டிவைத்த குளவிகளுக்கும் இதே டப்பாதான் நல்லது, எறும்பும் அண்டாது.

கடையில் சோதித்துக் காட்ட ரூபாய் நோட்டை வைப்பார்கள், நோட்டில் எல்லா மைக்ராஸ்கோப்பும் பிரமாதமாகத்தான் இருக்கும். செம்பருத்தியிலிருந்து எடுத்த குளவி ஒன்றைக் குப்பியில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். அதை 45ல் வைத்து, இரண்டு கண்ணையும் திறந்து, பாதத்தின் கணுக்களை எண்ணுங்கள். எண்ண முடிந்தால் பில் போடச் சொல்லுங்கள்.